ரத்தத்தில் ஊதும் சங்கு: நோபல் பரிசு பெறாத மேதை டாக்டர் ஏவரி

வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோபியில் இருந்தும், பொள்ளாச்சியில் இருந்தும், தாராபுரத்தில் இருந்தும் வந்த சொந்தக்காரர்கள் கோவை ஆஸ்பத்திரியின் வராந்தாவில் காத்திருக்கிறார்கள். காலையில் நோயாளியின் கையில் இருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் ஒரு சீட்டு வருகிறது. அதில் சி.ஆர்.பி. என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண் போட்டிருக்கிறது.

டாக்டர் அந்த எண்ணைப் பார்க்கிறார். நேற்று வந்த எண்ணையும் பார்க்கிறார். எண் இறங்கி இருந்தால் அவர் முகம் தெளிகிறது. ஏறி இருந்தால், நோயாளியின் வயிற்றை மறுபடி ஒரு தரம் அழுத்திப் பார்க்கிறார்.

2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது, இந்தப் பெயர் பட்டிதொட்டி எல்லாம் பரவியது. ஆனால், இது எங்கே பிறந்தது, யாருடைய ஆய்வுக் கூடத்தில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அது பிறந்த ஆண்டு 1930. பிறந்த இடம் அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம். அந்த ஆய்வுக் கூடத்தின் தலைவர் பெயர் ஆஸ்வால்டு ஏவரி. உயிரின் ரகசியத்தையே திறந்து காட்டிய மேதை அவர். அவருடைய கதை இது.

கொம்பு ஊதிய சிறுவன்

கனடா நாட்டில் ஹாலிபாக்ஸ் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1877-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி ஏவரி பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். வீட்டில் மூன்று ஆண் பிள்ளைகள். ஏவரி நடுப்பிள்ளை.

1887-ல் குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. ஏழைகளும், பிழைப்புத் தேடி வந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் தந்தைக்குத் தேவாலயப் பணி கிடைத்தது.

அண்ணனும் ஏவரியும் கார்னெட் என்ற வாத்தியத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். நம் ஊர் கல்யாண ஊர்வலத்தில் பாண்டு கோஷ்டியார் பளபளப்பான பித்தளைக் கொம்பு ஒன்றை ஊதி வருவார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது அது. ஞாயிற்றுக்கிழமைகளில் சகோதரர்கள் இருவரும் தேவாலயப் படிக்கட்டில் நின்று ஊதுவார்கள். அதைக் கேட்டுக் கூட்டம் கூடும்.

1892-ல் அந்த வீட்டில் இடி விழுந்தது. அண்ணன் இறந்துபோனான். அதே ஆண்டில் தந்தையும் கண்ணை மூடினார். ஏவரிக்கு அப்போது சுமார் 15 வயது. கடைசித் தம்பி சின்னஞ்சிறு பையன்.

தாயார் மனம் தளரவில்லை. தேவாலயத்தைச் சேர்ந்த சங்கத்தில் வேலை பார்த்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

ஏவரி கோல்கேட் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பாண்டு கோஷ்டிக்குத் தலைவர் அவர்தான். மேடைப் பேச்சிலும் கெட்டிக்காரர். 1900-ல் பட்டம் பெற்றார். தந்தையைப் போல இவரும் பாதிரியார் ஆவார் என்று நினைக்கத் தோன்றும். அவரோ டாக்டர் படிப்பில் சேர்ந்தார். 1904-ல் கொலம்பியா சர்வகலாசாலையின் மருத்துவக் கல்லூரியில் தேறி, டாக்டர் ஆனார்.

கத்தியைக் கீழே வைத்தார்

முதல் மூன்று ஆண்டுகள் நியூயார்க்கில் ஆபரேஷன் டாக்டராகத் தொழில் நடத்தினார். ஜனங்களிடம் நல்ல பெயர் இருந்தது. ஆனால், மனதில் நிம்மதி இல்லை.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். பென்சிலின் கிடையாது. சீழ் பிடித்தால் அதை அடக்க ஊசி கிடையாது. நுரையீரல் கெட்டுப்போய் மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு டாக்டரால் ஆறுதல்தான் சொல்ல முடியும். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை நகரைப் பிளேக் நோய் ஆட்டிப் படைத்தது. ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோவையில் இன்றும் கோவில்கள் இருக்கின்றன. கிருமியின் முன்னால் உலகமே கைகட்டி நின்ற காலம் அது.

நோயாளி கண் முன்னால் துடிக்கிறான். தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இது ஏவரியை வாட்டியது. 1907-ல் நல்ல வருமானம் வரக்கூடிய தொழிலை விட்டார். புரூக்ளின் பகுதியில் இருந்த ஹோக்லண்டு ஆய்வுக் கூடத்தில் சேர்ந்தார். நோயாளியைத் தொட்டுப் பார்த்த கை, கண்ணாடிக் குழாயைப் பிடித்தது.

அங்கே மாணவர்களுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். புரொபசர் என்ற சொல்லைச் சுருக்கி, பெஸ் என்று அவரைச் செல்லமாக அழைத்தார்கள். கடைசிவரை அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

காசநோயைப் பற்றி ஏவரி எழுதிய கட்டுரை ஒன்று ராக்பெல்லர் ஆஸ்பத்திரித் தலைவர் ரூபஸ் கோல் கண்ணில் பட்டது. வேலைக்கு வருமாறு கடிதம் எழுதினார். ஏவரி பதிலே போடவில்லையாம்! கடைசியில் கோல் நேரிலேயே வந்து அழைத்தார். 1913-ல் ஏவரி அங்கே சேர்ந்தார். ஏறக்குறைய 35 ஆண்டுகள் அந்த இடத்தை விட்டு அவர் அசையவில்லை.

சர்க்கரைச் சட்டை போட்ட கிருமி

ராக்பெல்லர் ஆஸ்பத்திரி அவரிடம் ஒப்படைத்த எதிரி நிமோனியா. நுரையீரலைத் தாக்கும் ஜுரம் அது. வாட்டசாட்டமான ஆளைக்கூட ஒரு வாரத்தில் சாய்த்துவிடும்.

அந்தக் கிருமியைச் சுற்றி வழவழப்பான உறை ஒன்று இருக்கும். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியைப் பிடித்துத் தின்ன வரும். ஆனால், உறை போட்ட கிருமி பிடிபடாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். குளத்தில் விரால் மீனை வெறும் கையால் பிடிக்கப் போவது போலத்தான்.

உறையில் உள்ள பொருள் கரைந்து, நோயாளியின் ரத்தத்திலும் சிறுநீரிலும் கலந்து வருவதை 1917-ல் ஏவரியும் அவருடைய நண்பர் டோசேயும் கண்டுபிடித்தார்கள். அந்த உறை ஒருவகைச் சர்க்கரைப் பொருள் என்பதை ஹைடல்பெர்கர் என்ற ரசாயன நிபுணருடன் சேர்ந்து 1923-ல் ஏவரி காட்டினார். இனிப்புச் சர்க்கரை அல்ல. பல சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். இன்று குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் போடும் நிமோனியா தடுப்பூசி, அந்த உறைச் சர்க்கரையை வைத்துச் செய்வதுதான்.

பால் திரிந்தது போல

உறைக்கு உள்ளே, கிருமியின் உடலிலேயே வேறொரு பொருளும் இருந்தது. அதற்கு சி என்ற எழுத்தைப் பெயராக வைத்தார்கள்.

ஏவரியிடம் இரண்டு இளம் டாக்டர்கள் வேலை பார்த்தார்கள். ஒருவர் வில்லியம் டில்லட். மற்றவர் தாமஸ் பிரான்சிஸ். பின்னால் 1954-ல் அமெரிக்கக் குழந்தைகளிடம் போலியோ தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்த பெரும் பணிக்குத் தலைமை தாங்கியவர் இந்தப் பிரான்சிஸ்தான்.

நிமோனியா நோயாளியின் ரத்தத்தில் இருந்து தெளிந்த நீரை எடுத்து, அதில் சி என்ற பொருளைக் கலந்து இருவரும் பார்த்தார்கள். பால் திரிந்தது போல அது கலங்கி, அடியில் படிந்தது.

இதில் அதிசயம் இல்லை. கிருமியை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் உண்டாவது டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால், அப்படிப்பட்ட எதிர்ப்புப் பொருள் நோயாளி தேறத் தேறத்தான் அதிகமாகும். இதுவோ தலைகீழாக இருந்தது. ஜுரம் கொதிக்கும்போது ரத்தம் கலங்கியது. ஜுரம் விட்டதும் கலங்கவில்லை. அந்தப் பொருள் ரத்தத்தில் இருந்து மறைந்துவிட்டது.

நிமோனியா இல்லாத வேறு சில கடுமையான நோயாளிகளின் ரத்தத்திலும் அதே கலக்கம் தெரிந்தது. ஆகவே, இது ஒரு தனிக் கிருமிக்கு எதிரான ஆயுதம் அல்ல. உடம்புக்குள் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் ரத்தம் இந்தப் பொருளைக் காட்டுகிறது. 1930-ல் இந்தச் செய்தி வெளிவந்தது.

ஏவரி அதை அப்படியே விட்டுவிடவில்லை. 1941-ல் ஏவரியும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பொருள் ஒரு புரதம் என்று காட்டினார்கள். சி என்ற பொருளோடு சேர்ந்து வினைபுரியும் புரதம் என்பதால், சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர் வந்தது. அதன் சுருக்கமே சி.ஆர்.பி. 1947-ல் மக்கார்ட்டி என்ற சீடர் அதைப் படிகமாகப் பிரித்து எடுத்தார்.

மில் சங்கும் சி.ஆர்.பி.யும்

கோவை மில் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. வேலை நேரத்துக்கு ஒரு சங்கு. பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தால் அபாயச் சங்கு. சங்கு கேட்டதும் தீ என்று தெரியும். எந்தக் கிடங்கில், எப்படிப் பிடித்தது என்று சங்கு சொல்லாது. அதை ஓடிப்போய்த்தான் பார்க்க வேண்டும்.

சி.ஆர்.பி.யும் அப்படித்தான்.

உடம்பில் எங்காவது காயமோ, கிருமியோ, அழற்சியோ ஏற்பட்டால், அங்கிருந்து ரத்தத்தின் வழியாக ஈரலுக்குச் செய்தி போகிறது. ஈரல் உடனே சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்கிறது. அது ரத்தத்தில் பாய்ந்து, கிருமிகள் மீதும் செத்த அணுக்கள் மீதும் ஒட்டிக்கொள்கிறது. இதைத் தின்று தீர்த்துவிடு என்று வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் காட்டுகிறது.

ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு லிட்டர் ரத்த நீரில் இது 5 அல்லது 10 மில்லிகிராமுக்குள் இருக்கும். ஆபரேஷனும் ஒரு காயம்தானே? கத்தி பட்ட சில மணி நேரத்திலேயே எண் ஏறத் தொடங்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உச்சிக்குப் போகும். வயிற்றைத் திறந்து செய்த பெரிய ஆபரேஷன் என்றால் 100-ஐத் தாண்டுவதும் உண்டு. இதைக் கண்டு பயப்பட வேண்டியது இல்லை.

எல்லாம் நல்லபடி நடந்தால், அதற்குப் பிறகு ஈரல் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். உற்பத்தி முழுவதும் நின்றுவிட்டால், சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு தரம் ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகும். 160 என்பது 80 ஆகும். 80 என்பது 40 ஆகும்.

நான்காம், ஐந்தாம் நாளிலும் எண் இறங்கவில்லையா? இறங்கியது மறுபடி ஏறுகிறதா? அப்போதுதான் டாக்டர் உஷாராவார். குடலில் போட்ட தையல் கசிகிறதா, உள்ளே சீழ் கட்டுகிறதா, நுரையீரலில் சளி பிடித்ததா என்று தேடுவார். வேண்டுமானால் ஸ்கேன் எடுப்பார். வெளியே ஜுரமும் வலியும் பெரிதாகத் தெரிவதற்கு முன்பே எண் எச்சரிக்கலாம். முன்கூட்டித் தெரிந்தால் உயிரைக் காப்பாற்ற அவகாசம் கிடைக்கிறது.

இதைவிடப் பழைய சோதனை இ.எஸ்.ஆர். சுவீடன் நாட்டு டாக்டர் பாரேயஸ் 1918-ல் அதைப் பற்றி எழுதினார். சிவப்பு அணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் படிகின்றன என்று பார்க்கும் முறை அது. மெதுவாக ஏறும்; மெதுவாக இறங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு நாளுக்கு நாள் நிலவரம் அறிய சி.ஆர்.பி.தான் உதவும். கிருமித் தாக்குதலா என்று அறிய, புரோகால்சிடோனின் என்ற சோதனையும் இப்போது செய்கிறார்கள்.

சீட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் முடிவு கட்டக்கூடாது. சில ஆய்வுக் கூடங்கள் லிட்டர் கணக்கில் எழுதும். சில டெசிலிட்டர் கணக்கில் எழுதும். ஒன்றில் 60 என்பது மற்றொன்றில் 6. ஈரல் மிகவும் கெட்டவர்களுக்கும், சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் எண் சரியாக ஏறாது. எண்ணையும் நோயாளியையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் டாக்டர்தான்.

டாக்டரே நோயாளி ஆனார்

ஏவரி ஒல்லியானவர், குள்ளமானவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நண்பர் டோசேயுடன் ஒரே வீட்டில் குடியிருந்தார். கூட்டங்களுக்குப் போகமாட்டார். வெளியூர்ப் பயணம் பிடிக்காது. தன் சம்பாத்தியத்தில் உறவினர்களுக்கு உதவி வந்தார்.

1930-களில் அவருக்குக் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் கோளாறு ஏற்பட்டது. உடம்பு இளைத்தது. கை நடுங்கியது. மனச்சோர்வு வாட்டியது. ஆபரேஷன் செய்துதான் குணப்படுத்தினார்கள். ஒரு காலத்தில் கத்தி பிடித்த டாக்டர், கத்திக்குத் தன் கழுத்தைக் கொடுத்தார். தேறி எழுந்ததும் மீண்டும் ஆய்வுக் கூடத்துக்கே வந்தார்.

அப்போது ஒரு புதிர் அவரை அழைத்துக்கொண்டிருந்தது.

லண்டனில் கிரிபித் என்ற டாக்டர் 1928-ல் ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார். உறை இல்லாத நிமோனியாக் கிருமி, எலியைக் கொல்லாது. உறை உள்ள கிருமியைச் சூடாக்கிக் கொன்றுவிட்டால் அதுவும் கொல்லாது. இரண்டையும் சேர்த்து ஊசி போட்டால் எலி செத்தது. செத்த எலியின் உடம்பில், உறை போட்ட கிருமிகள் உயிரோடு இருந்தன! செத்த கிருமியில் இருந்து ஏதோ ஒன்று, உயிருள்ள கிருமிக்குப் போய் அதன் குணத்தையே மாற்றிவிட்டது. அது என்ன?

முதலில் ஏவரி இதை நம்பவில்லை. பிறகு, அதுவே அவர் வாழ்க்கையின் வேலை ஆயிற்று. பாலில் இருந்து வெண்ணெய் பிரிக்கும் இயந்திரத்தைப் போன்ற சுழல் இயந்திரத்தில், லிட்டர் லிட்டராகக் கிருமிகளைப் பிரித்தார்கள். மக்லியோடு, மக்கார்ட்டி என்ற இரு சீடர்கள் துணை நின்றார்கள். ஒவ்வொரு பொருளாக அழித்துப் பார்த்தார்கள். புரதத்தை அழித்தார்கள், குணம் மாறுவது நிற்கவில்லை. சர்க்கரையை நீக்கினார்கள், நிற்கவில்லை. டி.என்.ஏ. என்ற அமிலத்தை அழித்ததும் நின்றுவிட்டது.

தாயின் நிறத்தையும், தந்தையின் மூக்கையும் பிள்ளைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எது? அதற்கு விடை அந்த வெள்ளை நூல் போன்ற பொருளில் இருந்தது. 1944 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது. ஏவரிக்கு அப்போது வயது 66. பெரும்பாலான விஞ்ஞானிகள் ஓய்ந்துவிடும் வயதில் அவர் சிகரத்தைத் தொட்டார்.

பரிசு வரவில்லை

பரம்பரைக் குணங்களைக் கொண்டுபோவது புரதம்தான் என்று பல அறிஞர்கள் அன்று உறுதியாக நம்பினார்கள். ஏவரியின் சொல்லை உடனே ஏற்கவில்லை. ஏவரியும் தம்பட்டம் அடிப்பவர் அல்ல. கட்டுரையில்கூட அளந்து அளந்துதான் எழுதினார்.

1945-ல் இங்கிலாந்தின் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. பெரும் கவுரவம் அது. ஆனால், அதை வாங்கிக்கொள்ள ஏவரி கப்பல் ஏறவில்லை. சங்கத்தின் தலைவர் சர் ஹென்றி டேல், பதக்கத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்கே வந்து கொடுத்தார்.

நோபல் பரிசுக்குப் பல ஆண்டுகள் ஏவரியின் பெயரைச் சிபாரிசு செய்தார்கள். பரிசு வரவே இல்லை. இன்னும் நிரூபணம் வேண்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் காலன் முந்திக்கொண்டான்.

1948-ல் ஏவரி ஆய்வுக் கூடத்தை விட்டு, நாஷ்வில் நகரில் கிருமியியல் நிபுணராக இருந்த தம்பி ராய் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறினார். சிறு பையனாகத் தந்தையை இழந்த அதே தம்பி! 1955 பிப்ரவரி 20-ந் தேதி அங்கேயே காலமானார். ஈரலில் வந்த புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது வயது 77.

டி.என்.ஏ.யின் முறுக்குக் கயிறு போன்ற வடிவத்தைக் கண்டதற்காக 1962-ல் கிரிக், வாட்சன், வில்கின்ஸ் என்ற மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டவர் ஏவரி. 1965-ல் ராக்பெல்லர் நிலையம் தன் வளாகத்தில் ஒரு வாயிலுக்கு ஏவரியின் பெயரையே சூட்டியது.

நோயாளிக்கு உதவ முடியவில்லையே என்று ஏங்கி, 1907-ல் ஓர் இளம் டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். அந்த ஏக்கம் வீண் போகவில்லை. இன்று கத்தி பிடிக்கும் டாக்டர்கள், ஆபரேஷன் முடிந்த பிறகு நோயாளி தேறுகிறாரா என்று அறிய, அவருடைய கூடத்தில் பிறந்த சோதனையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.